ஆறு ஆண்டுகளாகப் பூத்தும் காய்க்காத பிளம்ஸ் மரத்தை வெட்டிவிடலாமா?

வெட்டிவிடாதீர்கள். ஆண்டுதோறும் மரம் நிறையப் பூத்தும் ஒரு காய்கூடத் தங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மரம் தோட்டத்தில் துணையின்றித் தனியாக நிற்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் மரமும் அப்படித்தான் நின்றது.

நான் நட்டது ஜப்பானிய இனத்து ஒட்டுக்கன்று. மூன்றாம் ஆண்டில், இலை துளிர்ப்பதற்கு முன்பே, கிளை தெரியாதபடி வெள்ளையாகப் பூத்தது. இரண்டு வாரத்தில் எல்லாம் காம்போடு உதிர்ந்தன. கீழே கிடந்தவற்றைப் பொறுக்கி நகத்தால் பிளந்து பார்த்தேன். மிளகளவுகூட இல்லாத பிஞ்சு மஞ்சளாகி, உள்ளே விதை திரளாமல் சுருங்கியிருந்தது. உரம் போதவில்லை என்று எண்ணித் தொழுவுரத்தை அள்ளி வைத்ததில் கிளைகள்தாம் நீண்டன, காய் பிடிக்கவில்லை.

ஜப்பானிய பிளம்ஸ் வகைகளில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. அது சூல்முடியில் விழுந்து முளைத்தாலும், சூலகத்தை எட்டுவதற்குள் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஒரே வகையின் இரண்டு ஒட்டுக்கன்றுகளை அருகருகே நட்டாலும் பயனில்லை, ஏனெனில் மரபளவில் அவை இரண்டும் ஒரே மரம். இதை அறிந்தபின் நான் துணையாக நட்டது ஐரோப்பிய இனத்து மரம். அதில் மேலும் சில ஆண்டுகள் போயின. ஜப்பானிய இனத்துக்குக் குரோமோசோம்கள் 16, ஐரோப்பிய இனத்துக்கு 48. ஐரோப்பிய இனம் பூக்கும் காலமும் பெரும்பாலும் பிந்தியது. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கன்றை விற்றவர் ஒரு மரமே போதும் என்றார். கன்றில் கட்டியிருந்த அட்டையிலோ ‘பிளம்ஸ்’ என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. வகையின் பெயரே தெரியாமல் ஒருவர் அதற்கு எப்படித் துணை தேட முடியும்? பழ மரத்தை விற்பவர் வகையின் பெயரையும், அதற்குத் துணை தேவையா என்பதையும் எழுதித் தருவது கடமை என்றே கருதுகிறேன்.

தனித்தே காய்க்கும் வகைகள் இல்லையா என்று சிலர் மறுக்கக்கூடும். உண்டு. ஐரோப்பிய இனத்தில் விக்டோரியா தனித்துக் காய்க்கும்; அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் 1906இல் வெளியிட்ட சாண்டா ரோசா என்னும் ஜப்பானிய வகையும் ஓரளவு காய்க்கும், துணை இருந்தால் கூடுதலாகக் காய்க்கும். குளிர் போதாமையைக் காரணம் காட்டுவோரும் இருப்பார்கள். ஆனால் குளிர்காலக் குளிர் போதாத மரம் இப்படிச் செழித்துப் பூக்காது. பூத்தபின் உறைபனி விழுந்ததா என்பதை மட்டும் பாருங்கள். பூவின் நடுப்பகுதி கறுத்திருந்தால் குற்றம் பனியினுடையது.

கடைசியில் என் மரத்தைக் காப்பாற்றியது ஒரு குச்சி. மரம் உறங்கும் குளிர்காலத்தில் வேறொரு ஜப்பானிய வகையிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்திருந்து, மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் என் மரத்தின் கிளையில் ஒட்டுக்கட்டினேன். ஒட்டிய கிளை இரண்டாம் ஆண்டில் பூத்தது. அந்த ஆண்டே, அதைச் சுற்றியிருந்த கிளைகளில் காய் நெருங்கிப் பிடித்ததால், விரற்கடை இடைவெளி விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிய வேண்டியிருந்தது.

உங்கள் மரம் ஜப்பானிய இனம்தானா என்ற ஐயமிருந்தால், அடுத்த முறை பூக்கும்போது, வேறொரு ஜப்பானிய வகையின் பூத்த கிளைகளைக் கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தி மரத்தடியில் வையுங்கள். தேனீக்கள் வந்தால் போதும். பிஞ்சு தங்கினால் அதே வகையில் குச்சி எடுத்து ஒட்டுங்கள். ஒட்டிய கிளையில் மறவாமல் ஒரு வண்ணத்துணியைக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் கவாத்து செய்யும்போது அதையே வெட்டிவிட நேரும்.