சாயக்கழிவு நீருக்குக் காந்த பாலிமர் மணிகள் ஏற்றவையா?

கேள்வி: திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன், பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகிறோம். கழிவுநீரின் நிறத்தைப் போக்க இப்போது கிளர்வூட்டிய கரித்தூளைப் பயன்படுத்துகிறோம். தூள் வடிகட்டியை அடைத்துக்கொள்வதுதான் பெரிய தொல்லை. இரும்பு ஆக்சைடு கலந்த கைட்டோசான் மணிகளைப் போட்டால், நிறத்தை ஈர்த்த பின் காந்தத்தால் பிரித்து, கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம் என்கிறார் விற்பனையாளர் ஒருவர். மாறலாமா?

பதில்: கழிவுநீர் முழுவதற்கும் மாற வேண்டாம். உப்புக் குறைந்த கடைசி அலசல் நீருக்கு மட்டும் முயன்று பாருங்கள். சாயத்தொட்டியிலிருந்து நேரே வெளியேறும் நீருக்கு இந்த மணிகள் அநேகமாக ஏமாற்றத்தையே தரும்.

கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் பாலிமர். அதிலுள்ள அமினோ தொகுதிகள் அமிலத்தன்மையுள்ள நீரில் நேர்மின்சுமை பெறுகின்றன. ரியாக்டிவ் சாயத்தின் சல்ஃபோனேட் தொகுதிகளோ எதிர்மின்சுமை கொண்டவை என்பதால், சாயம் மணியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மணிக்குள் பொதிந்துள்ள மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்களின் வேலை வேறு; அவை நிறத்தை ஈர்ப்பதில் பெரிதாக உதவுவதில்லை, பிரித்தெடுப்பதை எளிதாக்குகின்றன. ஆகவே உங்கள் வடிகட்டித் தொல்லை இதனால் தீரக்கூடும். ஆனால் நிறம் எவ்வளவு நீங்கும் என்பதைக் காந்தம் தீர்மானிப்பதில்லை, நீரின் பி.எச். அளவும் உப்பும்தான் தீர்மானிக்கின்றன.

சாயத்தொட்டி நீரின் பி.எச். 10-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் அமினோ தொகுதிகளில் மின்சுமையே இராது. அமிலம் சேர்த்து அதைச் சரிசெய்தாலும், லிட்டருக்குப் பல பத்து கிராம் கரைந்திருக்கும் குளோபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) எஞ்சி நிற்கிறது; அதன் சல்ஃபேட் அயனிகள் சாயத்தோடு இடத்துக்குப் போட்டியிடும். இது ஆய்வகத்துச் சந்தேகமல்ல. ஆஸ்திரேலியாவில் குடிநீரிலுள்ள இயற்கைக் கரிமப் பொருள்களை நீக்க உருவாக்கப்பட்ட ‘மியெக்ஸ்’ என்னும் காந்த அயனிப் பரிமாற்ற ரெசின் (இதுவும் மின்சுமையால் ஈர்த்துப் பிடிக்கும் பாலிமர் மணிதான்), தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பிளெசன்ட் நிலையத்தில் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ரெசினில் பிடிபட்ட கரிமப் பொருளை வெளியேற்றி அதைப் புதுப்பிக்க அடர்ந்த உப்புக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மின்சுமையை நம்பிப் பிடிக்கும் பொருளைக் கழுவி விடுவதற்கு உப்பே போதும் என்றால், உப்பு நிறைந்த நீரில் அதே வகைப் பொருள் என்ன பிடித்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு கிராம் மணி 200 மில்லிகிராம், 300 மில்லிகிராம் சாயம் பிடிக்கும் என்று விற்பனையாளர் காட்டும் எண்கள் பெரும்பாலும் தூய நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து அளந்தவையாக இருக்கும். உங்கள் நீரில் உப்போடு சோப்பு, லெவலிங் ஏஜென்ட் (சாயம் சீராகப் பரவச் சேர்ப்பது), சாஃப்ட்னர் எல்லாம் கலந்திருக்கின்றன. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயமுள்ள 10,000 லிட்டர் நீரில் 1 கிலோ சாயம் இருக்கிறது; மணிகள் நடைமுறையில் கிராமுக்கு 50 மில்லிகிராம்தான் பிடிக்கின்றன என்றால், ஒரே சுற்றுக்கு 20 கிலோ மணிகள் வேண்டும். விலை கேட்கும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் மாதிரி கேட்டு, உங்கள் பட்டறையின் அலசல் நீரிலேயே சோதியுங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவைகள் சிலவற்றில் நீரை எடுத்து, பி.எச். அளவை 5-க்கு அருகில் கொண்டுவந்து, அரை கிராம், 1 கிராம், 2 கிராம், 4 கிராம் என மணிகளை இட்டு, இரண்டு மணி நேரம் கலக்குங்கள். பிறகு குடுவையின் பக்கத்தில் வலுவான நியோடிமியம் காந்தத்தை வையுங்கள். நல்ல மணிகளாக இருந்தால் சற்று நேரத்தில் கருநிறமாகச் சுவரில் திரண்டு நின்று, நீர் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் நீரில் பழுப்பு மங்கல் தெரிந்தால், மணி உதிர்கிறது என்று பொருள். தெளிந்த நீரின் நிறத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளப்பதோடு சி.ஓ.டி.யையும் (நீரிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) பாருங்கள், ஏனெனில் நிறம் போனாலும் மின்சுமையற்ற கரிமப் பொருள்கள் அப்படியே தங்கிவிடலாம். அதே மணிகளை நீர்த்த காரத்தில் கழுவி, ஐந்து சுற்றாவது திரும்பப் பயன்படுத்திப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

சுத்திகரித்த நீரில் இரும்பு எவ்வளவு என்பதையும் தவறாமல் அளக்கச் சொல்வேன். பி.எச். 3-க்குக் கீழே இறங்கினால் மேக்னடைட் கரையத் தொடங்கும். குறுக்குப் பிணைப்புச் செய்யாத (பாலிமர் இழைகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் இணைக்காத) கைட்டோசானும் அமிலத்தில் கரைந்துவிடும். கரைந்த இரும்பு ஆர்.ஓ. சவ்வில் படியும். அதைவிடக் கவலைக்குரியது, அந்த நீர் திரும்ப பிளீச்சிங்குக்குப் போகும்போது நடப்பது: இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாறுமாறாகச் சிதைத்துத் துணியில் ஓட்டை விழச் செய்யும். சவ்வை மாற்றிக்கொள்ளலாம், ஓட்டை விழுந்த துணியை என்ன செய்வது?

மணிகளைக் கழுவிய கார நீரில் பிடித்த சாயமெல்லாம் செறிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் துளியும் வெளியேறாத ஏற்பாடு இல்லாமல் அங்கே தொழில் நடத்த முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எனவே அந்தக் கழுவு நீர் உங்கள் ஆவியாக்கிக்கோ பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கோதான் போக வேண்டும். அதற்கான கூடுதல் செலவையும், பலன் தீர்ந்த மணிகளை அபாயக் கழிவாக ஒப்படைக்கும் செலவையும் விற்பனையாளரின் விலைப்பட்டியலோடு சேர்த்துக் கூட்டி, இப்போது கரிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள்.