நட்பு மெல்லக் காதலாக மாறும், தன் பாலீர்ப்பைத் தானே கண்டுகொள்ளும் ஒருவனைப் பற்றிய நாவல் ஏதாவது சொல்ல முடியுமா?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் எழுதி 2012ல் வந்த 'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் த சீக்ரெட்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்'. இளையோர் நாவல், ஆங்கிலம் எளிதாகவே இருக்கும். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திவிட்டு நாவலுக்குப் போய்விடுங்கள்.

1987 கோடை, மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரம். அரிஸ்டாட்டில் என்கிற அரிக்கும் டான்டேவுக்கும் 15 வயது, இருவருமே மெக்சிக அமெரிக்கக் குடும்பத்துப் பையன்கள். நீச்சல் தெரியாத அரியிடம் டான்டே வந்து நான் சொல்லித் தரட்டுமா என்கிறான், அவ்வளவுதான், ஒட்டிக்கொள்கிறார்கள். டான்டே கவிதை படிப்பான், அழுகை வந்தால் அழுதுவிடுவான், காலில் ஷூ போடுவதே அவனுக்குப் பிடிக்காது. அரி எதையும் வெளியே விடமாட்டான். அவன் வீடே அப்படித்தான்: அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, அண்ணன் சிறையில் இருக்கிறான், அவன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

ஒரு மழை நாளில் அடிபட்டுக் கிடக்கும் பறவைக்காக டான்டே நடுத்தெருவில் குனிந்திருக்க, திருப்பத்தில் கார் வருகிறது. அரி பாய்ந்து அவனைத் தள்ளிவிடுகிறான், இவன் கால்கள் இரண்டும் உடைகின்றன. ஏன் பாய்ந்தாய் என்ற பேச்சையே அதற்குப் பிறகு யாரும் எடுக்கக் கூடாது என்கிறான். டான்டே முத்தமிட்ட பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றே அரி சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் அதைச் சொல்வது யார் தெரியுமா? அந்தப் பேசாத அப்பாதான். நீ அவனை நேசிக்கிறாய், இல்லையென்றால் காருக்கு முன்னால் பாய்ந்திருப்பாயா என்று மகனை உட்கார வைத்துக் கேட்கிறார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஹாஸ்டலில் என் நண்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று ராத்திரி ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அறையில் ஒருவன் ஏதோ கேட்டதற்கு, நண்பனுக்கு இதுகூடச் செய்யமாட்டேனா என்று சண்டைக்குப் போனேன். அப்போது நான் சொன்னதும் பொய் இல்லை. அது என்னவென்று எனக்குப் புரிய இன்னும் ஆறு வருடம் ஆனது. 2018 செப்டம்பரில், ஒருபாலுறவு குற்றமல்ல என்று 377வது சட்டப்பிரிவு வழக்கில் தீர்ப்பு வந்த வாரம்தான் இந்த நாவலை வாங்கினேன்.

முடிவில் அரி சட்டென்று மாறிவிடுகிறான் என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்நூறு பக்கமாக அவன் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததுதானே! எழுதியவர் முன்பு கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர், ஐம்பது வயதைத் தாண்டித்தான் தன்னை வெளிப்படுத்திக்கொண்டவர். அரியின் மௌனத்தை அவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், 2021ல் இரண்டாம் பாகமும் வந்தது. எய்ட்ஸ் பயம் பரவிய காலம் அதில் வரும், கனமாக இருக்கும். முதலில் இதை முடித்துவிடுங்கள்.