புது வீட்டுக்கு நெட் கேபிள்: பூசுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்தில் இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் பூச்சு வேலை. கணவர் துபாயில் இருக்கிறார். குடும்பப் படங்கள், வீடியோ, பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு பெட்டியில் சேமிக்க ஆசை. காண்டிராக்டர், "வைஃபை போதும், கேபிள் வேணும்னா நம்ம ஆள் கேட் 7 குறைஞ்ச விலைக்குத் தருவார்" என்கிறார். நம்பலாமா?

பதில்: சகோதரி, முதலில் பூச்சைத் தள்ளி வையுங்கள். வைஃபை போனுக்குச் சரி, ஆனால் கான்கிரீட் தளம் தாண்டும்போது வேகம் பாதியைவிடக் குறைந்துவிடலாம். டிவி, கம்ப்யூட்டர், சேமிப்புப் பெட்டி, மாடியில் வைக்கும் வைஃபை கருவி எல்லாவற்றுக்கும் கேபிள்தான். கரண்ட் பைப்போடு சேர்க்காமல் தனியாகக் காடி வெட்டி 25 மி.மீ. பைப் போடச் சொல்லுங்கள், உள்ளே ஒரு இழுகம்பியும் கிடக்கட்டும். பத்து வருஷம் கழித்துக் கேபிளை மாற்ற வேண்டி வந்தாலும் சுவரை உடைக்க வேண்டாம்.

கேட் என்பது நெட் கேபிளின் தர வகை. கேட் 7 வேண்டாம். நல்ல கேட் 6 போதும்: 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம், வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தூரங்களில் 10 ஜிகாபிட்கூடப் போகும். நான் பயப்படுவது அந்த "குறைஞ்ச விலை"யைப் பார்த்துத்தான். பெட்டியில் கேட் 6 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் மட்டும் இருக்கும், சிசிஏ என்பார்கள். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு, நாலு தடவை வளைத்தால் ஒடியும், கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் கேமராவை மாட்டினால் சூடாகும். நம் ஊர் உப்புக்காற்றில் முனைகளில் அலுமினியம் அரித்துப்போய், நெட் ஏன் விட்டு விட்டு வருகிறது என்று ரூட்டரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். இந்தக் கேபிள் தரநிலையில் சேராது. அப்படியும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, பிடித்து நிறுத்த வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதனால் நீங்களே சோதியுங்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் இருந்தால் வாங்குங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். காண்டிராக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செம்புக் கேபிளே கூடாத இடம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கிட்டங்கியோ வாடகை வீடோ இருந்து அங்கேயும் நெட் கொண்டுபோவதாக இருந்தால், அந்த ஓட்டத்துக்கு மட்டும் ஃபைபர் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தாலே போதும், செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் ஏறாது. ஆனால் உள்ளே இரும்புக் கம்பியோ கவசமோ இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள், கம்பி இருந்தால் ஃபைபர் போட்டும் பயன் இல்லை. ஃபைபரைச் சாதாரண நெட் கேபிளோடு இணைக்க இரண்டு முனையிலும் மாட்டும் கன்வெர்ட்டர் பெரிய செலவில்லை. தூரம் பத்தே மீட்டர்தானே என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார், கேட்காதீர்கள்.

சேமிப்புக்கு இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்டில் மாட்டி எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி, போதும். 1 ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவில் ஃபைல் நகரும், குடும்பப் படங்களுக்கு அது தாராளம். கடல் பார்த்த அறையில் வைக்காதீர்கள். அதன் ஃபேன் உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உள் அறையில், தரையை விட்டு உயரத்தில், யுபிஎஸ் இணைப்போடு இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஓட்ட நேரக் கணக்கை அழித்துப் புதிது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், பில்லும் கம்பெனி வாரன்டியும் இல்லாமல் வாங்க வேண்டாம். இன்னொன்று, இரண்டு டிஸ்க்கில் ஒரே படம் இருப்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். தனியாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறு ஊரில் உறவினர் வீட்டில் வையுங்கள்.

கணவர் துபாயிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து நேராக நாஸுக்கு வரும் வழி, திறந்துவிடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். 2022-இல் டெட்போல்ட் என்ற வைரஸ், இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதோடு, நம் ஊரில் பல இணைப்புகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. மாதாமாதம் காசு கட்டுகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லக்கூட மாட்டார்கள். டெயில்ஸ்கேல் போன்ற, இரண்டு கருவிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் செயலி ஒன்றை நாஸிலும் அவர் போனிலும் நிறுவினால் போர்ட் திறக்காமலே பார்க்கலாம், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போதே போட்டு, மொபைல் டேட்டாவில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.