கோழியைக் கொன்றதும் தேன்பெட்டியைத் திறந்ததும் ஒரே விலங்கா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் எங்களுக்கு 2 ஏக்கரில் காபியும் மிளகும் இருக்கின்றன. வீட்டோடு 14 நாட்டுக்கோழிகளும் 6 தேன்பெட்டிகளும் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரே இரவில் கூண்டுக்குள் 5 கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தலை இல்லை. மற்ற நான்கும் கழுத்தில் கடிபட்டு அப்படியே கிடந்தன. இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், ஒரு தேன்பெட்டியின் மேல்மூடி கீழே கிடந்தது. பூனையைவிட நீளமான ஒரு கறுத்த விலங்கு சில்வர் ஓக் மரத்தில் ஏறி மறைந்ததை என் மாமியார் பார்த்தார். கழுத்து மட்டும் மஞ்சளாக இருந்ததாம். பக்கத்துத் தோட்டத்தார் அதை மரநாய் என்கிறார்கள். செத்த கோழியில் குருணை வடிவப் பூச்சிமருந்தைத் தடவி வைத்தால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அம்மா, வணக்கம். குருணையைத் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். மருந்து தடவிய கோழியை நீங்கள் நினைக்கும் விலங்குதான் தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு நாய் தின்னும், பக்கத்து வீட்டுப் பூனை தின்னும், பருந்து தூக்கிப் போய் ஓடையில் போடும். அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். செத்த கோழிகள் இன்னும் வெளியில் கிடந்தால் இன்றைக்கே மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். ஒரு முறை கறி கிடைத்த இடத்துக்கு அடுத்த சில இரவுகளிலும் அந்த விலங்கு வந்து பார்க்கும்.

இனி உங்கள் மாமியார் பார்த்ததற்கு வருகிறேன். அவர் கண் கூர்மையானது. கழுத்து மஞ்சள் என்ற ஒரே சொல்லில் பாதி விடையைத் தந்துவிட்டார். தொண்டையிலிருந்து மார்பு வரை மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், மற்ற உடம்பெல்லாம் கரும்பழுப்பு, உடம்பின் நீளத்தில் முக்கால் பங்குக்கு அடர்ந்த வால், பட்டப்பகலில் மரமேறும் பழக்கம் இவை எல்லாம் சேர்ந்த விலங்கு நம் மலைகளில் ஒன்றுதான். அது நீலகிரி மார்ட்டன். ஐரோப்பாவில் வாழும் பைன் மார்ட்டனுக்கும் இமயமலையின் மஞ்சள் கழுத்து மார்ட்டனுக்கும் இது உறவு. தென்னிந்தியாவில் வாழும் ஒரே மார்ட்டன் இனம் இதுதான். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் இது கிடையாது. முக்கூர்த்தி, மேல்பவானி, மேகமலை, களக்காடு–முண்டந்துறை, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, இரவிகுளம் ஆகிய இடங்களில் பதிவாகியிருக்கிறது. சோலைக்காடுதான் அதன் வீடு என்றாலும், காட்டை ஒட்டிய காபி, ஏலம், தேயிலைத் தோட்டங்களிலும் நடமாடும். பெரிய ஆணும் 2 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

மரநாய் என்ற பெயர்தான் உங்கள் பக்கத்தில் குழப்பத்தை உண்டாக்குகிறது. தமிழில் மரநாய் என்றால் ராத்திரியில் வந்து பலாவையும் காபிப் பழத்தையும் தின்றுவிட்டு, கொட்டையைப் பாறை மேல் குவியலாகப் போட்டுவிட்டுப் போகும் சாம்பல் நிற விலங்கு. அதையே மலையாளத்தில் மரப்பட்டி என்பார்கள். மலையாளத்தில் மரநாய என்றால் இந்த நீலகிரி மார்ட்டன். தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்கும் பந்தலூரில் ஒருவர் சொல்லும் மரநாய் வேறு, மற்றவர் புரிந்துகொள்ளும் மரநாய் வேறு. ஒன்றின் பழியை இன்னொன்றின் மேல் ஏற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் கோழிகள் இரவில் செத்தன. மார்ட்டன் பெரும்பாலும் பகலில் நடமாடுவது. எனவே கோழிக்கும் தேன்பெட்டிக்கும் ஒரே விலங்கைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. இரவில் கூண்டுக்குள் புகுந்து கண்டபடி கடித்துப் போட்டது என்றால், சிறுத்தைப் பூனை, புனுகுப் பூனை, மரநாய் மூன்றையும்தான் முதலில் சந்தேகிப்பேன். திறந்த வெளியில் என்றால் ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். நாலு பக்கமும் அடைத்த கூண்டில் கோழிகள் சிறகடித்துப் பறக்கப் பறக்க, வேட்டை விலங்குக்குக் கடிக்கும் வேகம் அடங்குவதில்லை. பசிக்கு ஒன்றே போதும் என்றாலும் ஐந்து சாகும். இது வஞ்சமும் இல்லை, வெறியும் இல்லை. காட்டில் இப்படி ஓட வழியில்லாத இரை ஒரே இடத்தில் நிறையக் கிடைக்காது, அவ்வளவுதான்.

எது வந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி, மாலையில் துடைப்பத்தால் லேசாக நிரவிவிடுங்கள். காலையில் பார்த்தால் தடம் பதிந்திருக்கும். வட்டமான தடத்தில் நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை இனம். ஐந்து விரலும் நகமும் பதிந்திருந்தால் மரநாய், கீரி, மார்ட்டன் பக்கம் பார்க்க வேண்டும். தடத்தின் அருகில் ஒரு தீப்பெட்டியை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தீப்பெட்டி இருந்தால் அளவு தெரியும்.

கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் பார்க்கப் போகும் வீடுகளில் எல்லோரும் கதவைத்தான் காட்டுவார்கள். நான் கேட்பது வேறு. உச்சி வெயிலில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, நீங்களே கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். சிறிய கூண்டு என்றால் தலையை மட்டும் உள்ளே நுழைத்துச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் எங்கெங்கே கசிகிறது என்று தெரியும். ஒவ்வொரு இடத்தையும் கரித்துண்டால் குறித்துக்கொள்ளுங்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி உட்கார்ந்தபோது, சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே வெயில் ஒரு நீளக் கோடாக விழுந்தது. கதவில் இரண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள், கூரைச் சந்தில் என் முழங்கை நுழைந்தது. அந்தச் சந்தின் விளிம்பில் இரண்டு சாம்பல் நிற முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் மூன்று மாதமாகத் தேடிய வாசல் அதுதான்.

ஒன்றரை அங்குலத்துக்கு மேல் எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், பல்லுள்ள விலங்கு உள்ளே வராமல் தடுக்காது. பற்றவைத்த சதுரக் கம்பிவலையை, கண் ஒரு அங்குலத்துக்கு மிகாமல், வாங்குங்கள். கூரைச் சந்து, காற்றுத் துளை, சாணமெழுகிய தரையும் பலகையும் சேரும் மூலை எல்லாவற்றையும் அதனால் அடையுங்கள். மண்தரை என்றால் வலையை வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கிப் பரப்பி, மேலே கல் வைத்துவிடுங்கள், தோண்ட வருவது அதிலேயே நின்றுவிடும். கூண்டின் மேல் சாயும் பலாக்கிளையையும் வெட்டிவிடுங்கள். மரத்தில் அடையும் கோழிகளைப் பொழுது சாய்வதற்கு முன் தவிடு காட்டி உள்ளே பழக்குங்கள். பத்து நாளில் தானே வரும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரவில் கோழி அலறினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். உங்கள் ஊரில் வாசலில் யானை நிற்கும், கூண்டருகே சிறுத்தை நிற்கும். நாயையும் காவலுக்கென்று வெளியே கட்டிப் போடாதீர்கள், சிறுத்தைக்கு அதுவே அழைப்பாகிவிடும். கோழி போனால் வாங்கிக்கொள்ளலாம். கூண்டு சரியாக இருந்தால் ஓடவேண்டிய தேவையும் வராது.

தேன்பெட்டி விஷயத்தில் மார்ட்டன் மேல் எனக்கும் சந்தேகம் இருக்கிறது. தேன் அதற்குப் பிடித்த உணவு. கரடி வந்திருந்தால் பெட்டி தலைகீழாகக் கவிழ்ந்து, அடை தாங்கும் மரச்சட்டங்கள் நொறுங்கிக் கிடந்திருக்கும். உங்கள் பெட்டியில் மூடி மட்டும் தள்ளப்பட்டிருக்கிறது. நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள் தொந்தரவு பொறுக்காதவை. இரண்டு மூன்று முறை மூடி திறந்தால் கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் பறந்துவிடும். நட்டம் அது தின்ற ஒரு அடைத் தேனில் இல்லை, ஓடிப்போகும் தேனீயில்தான் இருக்கிறது. ஆகவே முதல் வேலையாக எல்லா மூடிகளையும் பழைய சைக்கிள் டியூபால் அடிப்பலகையோடு சேர்த்து இறுகக் கட்டுங்கள். மேலே ஒரு பாறாங்கல்லையும் வையுங்கள். தாங்கியின் காலில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் நகம் பிடிக்காது. ஆனால் மரக்கிளை பக்கத்தில் இருந்தால் தகரம் வீண். இந்த விலங்கு அணில் போலக் கிளைக்குக் கிளை தாவும். பெட்டியிலிருந்து ஆறடிக்குள் எந்தக் கிளையும் இல்லாமல் கவாத்து செய்யுங்கள்.

திறந்து கிடந்த பெட்டியை மாலை வெயில் இறங்கியபின் மெதுவாகத் திறந்து, புழு வளரும் கீழறையில் ஒரு சட்டத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். அடையின் கண்ணறைக்குள் ஊசிமுனை போல நிமிர்ந்து நிற்கும் முட்டை தெரிந்தால் ராணி கடந்த மூன்று நாளுக்குள் அங்கே இருந்திருக்கிறது, கவலை வேண்டாம். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவில் கரைத்து ஆறவைத்து, பொழுது சாய்ந்த பிறகு நான்கைந்து நாள் கொடுங்கள்.

மார்ட்டனைப் பிடித்துக் காட்டில் விடலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து அழைப்பது எல்லாம் அடங்கும். சிறைத் தண்டனை வரை போகும் குற்றம் அது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உலகிலேயே இந்த மலைத்தொடரில் மட்டும் வாழும் ஓர் உயிர், அழியும் ஆபத்துள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் இருப்பது, உங்கள் சில்வர் ஓக்கில் ஏறிப் போயிருக்கிறது. காடு காடாக அலைந்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கே அதைக் கண்ணால் காண்பது அரிது. நான் இருபது ஆண்டுகளில் ஒரே ஒரு முறை பார்த்தேன். பாசி படர்ந்த மரத்தில் தலைகீழாக இறங்கி வந்து, என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றது. அந்தக் கழுத்து மஞ்சள் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உங்கள் மாமியாரிடம், அவர் பார்த்த நாளையும் நேரத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். படம் ஏதாவது கிடைத்தால் வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள்.

உங்கள் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டைச் சரிசெய்யும் போது ஏதாவது விலங்கு உள்ளே மாட்டியிருந்தால் கையால் பிடிக்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள், தானே போய்விடும். மீறிக் கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

தேன்பெட்டிகளில் மரத்துக்கு மிக அருகில் உள்ளவற்றை நகர்த்த நேர்ந்தால், ஒரு நாளில் ஓரிரு அடிக்கு மேல் நகர்த்தாதீர்கள். ஒரேயடியாக முப்பது அடி தள்ளி வைத்தால், வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, வெறும் தாங்கியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். கூண்டு அடைத்து முடிந்த பிறகே புதுக்கோழி வாங்குங்கள். சாம்பல் தடம் கிடைத்ததும் எழுதுங்கள்.