டிரெயின் பிளக் சொட்டுகிறதா? இன்னும் இறுக்காதீர்கள்

கேள்வி: என் லாரிக்கு ஆயில் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அன்றிலிருந்தே, பழைய ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் பிளக் பக்கம் ஆயில் சொட்டுகிறது. நானே ஸ்பேனர் போட்டு இரண்டு முறை இறுக்கிப் பார்த்தேன். ஒரு நாள் நின்ற மாதிரி இருக்கிறது, மறுபடி சொட்டுகிறது. பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: டேப் வேண்டாம். மூன்றாவது முறை இறுக்கவும் வேண்டாம். இப்போதைக்கு ஒரு வாஷரோடு முடிகிற வேலை இது. இறுக்கிக்கொண்டே போனால் சம்ப்பையே, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியையே, மாற்றும் வேலையாகிவிடும்.

ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மரைக்கும் மரைக்கும் நடுவில் எப்போதும் ஒரு மெல்லிய இடைவெளி சுற்றிச் சுற்றி ஓடும். சூடாகி நீர்த்துப்போன ஆயில் அதன் வழியே தாராளமாக வந்துவிடும். ஆயிலை நிறுத்துவது பிளக்கின் தலைக்கும் சம்ப்பின் முகத்துக்கும் நடுவில் நசுங்கி உட்காரும் வாஷர்தான். பிளக்கை இழுத்துப் பிடிப்பதோடு மரையின் வேலை முடிந்தது. அதனால் மரையில் டேப் சுற்றுவது தவறான இடத்தில் வைத்தியம் பார்ப்பது. டெஃப்லான் வழுக்கும் பொருள் வேறு. கை அதே பலத்தில் திருப்பினாலும் மரையின் மேல் கூடுதல் இழுவை விழும். பிய்ந்துபோன டேப் துணுக்கு ஆயில் பம்ப்பின் உறிஞ்சு சல்லடையில் போய் ஒட்டவும் கூடும். சில வண்டிகளில் வாஷரே இல்லாமல் கூம்பு மரை பிளக் இருக்கும். அதற்கு மட்டும் மரைதான் சீல். அங்கேயும் சர்வீஸ் புத்தகம் சொல்லும் சீலன்ட்டையே போட வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஆயில் மாற்றிய அன்றே தொடங்கியது என்கிறீர்கள். அதனால் என் முதல் சந்தேகம் வாஷர் மேல்தான். பழைய வாஷரையே போட்டிருக்கலாம், போடவே மறந்திருக்கலாம். பழையது சம்ப்பின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் அதன் மேல் புதியதையும் வைத்து இறுக்கியிருக்கலாம். ஆயில் படிந்த பழைய வாஷர் சம்ப்போடு சம்ப்பாகத் தெரியும், நகத்தால் சுரண்டினால்தான் பிடிபடும். பழகிய கைகளே இதில் ஏமாந்துபோகும்.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் கசிவு அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சம்ப்பில் தாழ்ந்த இடம் பிளக் இருக்கும் இடம். மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். ஆயில் ஃபில்டர், சம்ப் கேஸ்கெட், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், டேப்பெட் கவர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஃபில்டரும் அதே நாளில் மாற்றப்பட்டிருந்தால் அதையும் தடவிப் பாருங்கள். பிளக்கைச் சுற்றி பிரேக் கிளீனர் அடித்து நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவுங்கள். எஞ்சினைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். வாஷரின் ஓரத்திலிருந்து ஈரம் கிளம்பினால் வாஷர் அல்லது அது உட்காரும் முகம். பிளக்கைத் தாண்டி, பிளக் ஏறும் நட்டைச் சம்ப்போடு வெல்டிங் வைத்த வட்டத்தில் ஈரம் கிளம்பினால் அந்த வெல்டிங் விரிந்திருக்கிறது. தகரச் சம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் இப்படி ஆவதுண்டு. அப்போது எந்த வாஷரும் உதவாது. சம்ப்பை இறக்கி வெல்டிங் வைக்க வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். மேலிருந்து கோடாக ஈரம் இறங்கியிருந்தால் பிளக்மேல் குற்றமில்லை.

வாஷர்தான் என்று தெரிந்துவிட்டால் ஆயிலை இறக்கியே ஆக வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியாக இருந்தால் காற்று இறங்கும்போது சேஸி மொத்தமும் தாழ்ந்து வரும். சேஸிக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். ஓடி வந்த கையோடு திறந்தால் தோல் வெந்துவிடும்.

கனரக வண்டியில் 30 லிட்டருக்கு மேலும் ஆயில் இருக்கும், பாத்திரத்தை அதற்கேற்றபடி வையுங்கள். இரண்டு வார ஆயிலை வீணாக்க வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் பிடித்து மூடிவைத்து, மெல்லிய வலையில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். கலங்கலாகவோ தண்ணீர் கலந்த மாதிரியோ இருந்தால் மட்டும் ஊற்றாதீர்கள்.

பிளக் வெளியே வந்ததும் அவசரப்படாமல் பாருங்கள். நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருப்பது சாதாரணம். கையில் எடுக்கிற அளவுக்குத் துண்டுகள் இருந்தால் கசிவை விடப் பெரிய வேலை எஞ்சினுக்குள் காத்திருக்கிறது. மரையில் வெள்ளி நிறச் சுருள் ஒட்டி வந்தால் அலுமினியச் சம்ப்பின் மரை உரியத் தொடங்கிவிட்டது. சம்ப்பின் முகத்தை விரல் நுனியால் தடவுங்கள். வட்டமாக ஓடும் கீறலால் பெரிய கெடுதல் இல்லை. உள்ளிருந்து வெளியே குறுக்காக ஓடும் கீறல்தான் ஆயிலுக்கு வாய்க்கால்.

வாஷர் அதே விட்டம், அதே ரகமாக இருக்கட்டும். அலுமினியம், ஃபைபர், ரப்பர் ஒட்டிய வாஷர்கள் ஒரு தடவைக்குத்தான். செம்பு வாஷர் நசுங்க நசுங்கக் கெட்டிப்படும். புதியது கைவசம் இல்லாத நேரத்தில், பழையதை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மிருதுவாகிவிடும். பிளக்கின் மரையும் சரிதானா என்று பாருங்கள். எம் 14 என்ற ஒரே அளவில் 1.25 பிட்ச்சும் (மரைக்கு மரை மில்லிமீட்டர் இடைவெளி) உண்டு, 1.5 பிட்ச்சும் உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு மரையைத் தின்றுவிடும். அதனால் முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருப்புங்கள். ஸ்பேனர் அப்புறம்.

இறுக்கும் அளவுக்கு சர்வீஸ் புத்தகம்தான் கணக்கு. சிறிய சரக்கு வண்டிகளின் எம் 12, எம் 14 பிளக்குகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். பெரிய லாரிகளின் தடித்த பிளக்குக்கு அதைவிடக் கூடும். 40 என்பது 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ தொங்குகிற விசை. அதே ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரு மீட்டராக நீட்டிவிட்டு அதே பலத்தைக் கொடுத்தால் 160 ஆகிவிடும். மரை உரிவது பெரும்பாலும் இப்படித்தான். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் தானே மரை வெட்டிக்கொண்டு போகும் ஓவர்சைஸ் பிளக் கிடைக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. சற்றுக் கோணலாக ஏறினாலும் வாஷர் சமமாக உட்காராது. பட்டறை வரை வண்டியைக் கொண்டுபோக உதவும், அவ்வளவே. சரியான வழி, பெரிய ஓட்டை போட்டு, மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, உள்ளே மரை உள்ள எஃகு புஷ் ஏற்றுவது. அதற்குச் சம்ப்பை இறக்கிவிடுவது நல்லது. வண்டியில் வைத்தே செய்தால் மரை வெட்டும் கருவியில் கெட்டியாக கிரீஸ் பூசி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, கடைசியில் கொஞ்சம் புது ஆயிலை மேலிருந்து ஊற்றித் துகள்களைக் கழுவிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினைச் சூடேற்றி, அணைத்து, அரை மணி நேரம் கழித்து பிளக்கைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலையும் ஒருமுறை. வாஷர் கைக்கு வரும்வரை வண்டி ஓட்டியே ஆக வேண்டுமென்றால், தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், அதே கிரேடு ஆயில் கூடவே இருக்கட்டும். சொட்டு தாரையாக மாறினால் வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.