ஆட்டோ வைத்தால் லிங்க் விழுகிறது, டிசேபிள் வைத்தால் டிராஃபிக் ஓடுகிறது

கேள்வி: எங்கள் நெட்வொர்க் கார்டின் லினக்ஸ் டிரைவரில், விஎம்முக்கு (மெய்நிகர் கணினிக்கு) கார்டு தரும் விர்ச்சுவல் போர்ட்டை 'எனேபிள்' (எப்போதும் இணைப்பில்) என்று வைத்தால் சரியாக இயங்குகிறது. 'ஆட்டோ' (கேபிளின் நிலையைப் பின்பற்று) வைத்தால், கேபிள் செருகியிருந்தும் விஎம்முக்குள் லிங்க் விழுந்துவிடுகிறது. 'டிசேபிள்' (எப்போதும் துண்டிப்பில்) வைத்தாலோ டிராஃபிக் நிற்பதில்லை. ஹோஸ்ட்டில் (விஎம்களை இயக்கும் கணினியில்) நெட்வொர்க் அமைப்புகளைக் காட்டும் ஐபி (ip) கட்டளை மட்டும் நாங்கள் கொடுத்ததையே காட்டுகிறது. இது ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இயங்கும் மென்பொருள்) கோளாறா?

பதில்: ஃபர்ம்வேர் மீது பழி போடும் முன் இரண்டு எண் வரிசைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் ஆட்டோ 0, எனேபிள் 1, டிசேபிள் 2. கார்டும் அதே வரிசையை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. எம்எல்எக்ஸ்5 (mlx5) என்ற லினக்ஸ் டிரைவர் இயக்கும் கார்டுகளில் டவுன் 0, அப் 1, ஆட்டோ 2. உங்கள் கார்டும் இப்படியே இருந்து, டிரைவர் எண்ணை மாற்றாமல் அனுப்பினால், ஆட்டோ டவுனாகவும் டிசேபிள் ஆட்டோவாகவும் போய்ச் சேரும். 1 இரண்டிலும் பொது என்பதால் எனேபிள் மட்டும் தப்பிக்கும். உங்கள் அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன.

ஐபி கட்டளை ஏமாற்றுவதற்குக் காரணம், திருப்பிப் படிக்கும் பாதையிலும் அதே எண் மாற்றமின்றி வருவதுதான். ஆகவே எழுதும் பாதையை மட்டும் திருத்தினால், ஆட்டோ வைத்த போர்ட் 'டிசேபிள்' என்று காட்டப்படும். சரியான திருத்தத்தையே தவறென்று எண்ணி யாராவது நீக்கிவிடக்கூடும். நிலையை அமைக்கும் செயற்கூறு, விவரம் தரும் செயற்கூறு ஆகிய இரண்டின் வாசலிலும் எண்ணை மாற்றி, உள்ளே கார்டின் எண்களை மட்டுமே புழங்கவிடுங்கள். எம்எல்எக்ஸ்5 டிரைவர் செய்வதும் இதுவே. ஆனால் அது அறிமுகமில்லாத எண்ணை ஆட்டோவாக எடுத்துக்கொள்கிறது, நானாக இருந்தால் பிழை திருப்புவேன்.

இந்தத் திருத்தம் இன்னொரு பொறியையும் திறந்துவிடும். பூஜ்ஜியமாக்கி ஒதுக்கிய நினைவகத்தில் இதுவரை ஆட்டோவைக் குறித்த 0, இனி டவுன் ஆகிவிடும். எனவே தொடக்க மதிப்பாக ஆட்டோவை வெளிப்படையாக எழுதுங்கள். கார்டு ஏற்றுக்கொண்ட பிறகே, கட்டளை அனுப்பும்போது பிடித்த அதே மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டை) விடாமல், புதிய நிலையைச் சேமியுங்கள். ரீசெட்டுக்குப் பின் அதைக் கார்டுக்கு மீண்டும் அனுப்புங்கள்.

சோதனையை விஎம்முக்குள் கேரியர் நிலையை (லிங்க் இருக்கிறதா என்று காட்டும் குறியை) பார்த்துச் செய்யுங்கள். கேபிளைக் கழற்றினால் ஆட்டோ போர்ட்டில் லிங்க் விழ வேண்டும். எனேபிள் போர்ட்டில் லிங்க் நிலைத்து, ஒரே கார்டிலுள்ள இரு விஎம்கள் தமக்குள் பேச முடிய வேண்டும். டிசேபிள் போர்ட்டில் கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லிங்க் எழக்கூடாது.