போர்ட்டபிளா, ஸ்ப்ளிட்டா, சென்ட்ரலா? ஏசி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எதில் கரண்ட் பில் கம்மி?’ ரகம். அறை அளவு, எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் வெயில் என்று ஒரு வார்த்தை எழுதாமல் கேட்டவர்களை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். மற்றவர்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல்: இரவில் 8 மணி நேரம், 60 நாள், அதாவது ஒரு ஈ.பி. பில். ஏசி இல்லாமலே அந்த வீட்டில் 300 யூனிட் ஓடுகிறது, பில் 700 ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொள்கிறேன். எண்கள் எல்லாம் முழுதாக்கியவை. பத்து இருபது ரூபாய் வித்தியாசத்துக்குச் சண்டைக்கு வராதீர்கள்.

பெரம்பூரில் 1,400 சதுர அடி ஃபிளாட், மூன்று பெட்ரூம். பில்டர் 5.5 டன் சென்ட்ரல் ஏசி போட்டுத் தருகிறேன் என்கிறார். மூன்று ஸ்ப்ளிட் போடுவதை விட இது மிச்சம் என்கிறார். உண்மையா?

பில்டருக்கு மிச்சமாக இருக்கலாம். 5.5 டன் டக்டபிள் யூனிட் (டக்ட் எனும் பெரிய குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்றை அனுப்புவது) முழு ஓட்டத்தில் 6 கிலோவாட் இழுக்கும். கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதைக் கழித்து 4 என்று வைத்தால்கூட 60 இரவுக்கு 1,900 யூனிட். வீட்டின் 300ஐச் சேர்த்தால் பில் 20,000 ரூபாயைத் தாண்டும். ஆயிரம் யூனிட்டுக்கு மேல் யூனிட் கிட்டத்தட்ட 12 ரூபாய் என்பதை மறக்க வேண்டாம். அதே மூன்று பெட்ரூமிலும் 1 டன் ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்) ஸ்ப்ளிட் மூன்றும் சேர்ந்து ஓடினால் 600 யூனிட், மொத்த பில் 6,000. ஹாலும் சேர்ந்து குளிர்கிறதே என்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் யார் இருக்கிறார்கள்?

‘வேண்டாத அறையை டேம்பர் (டக்டுக்குள் காற்றை மறிக்கும் தகடு) போட்டு மூடிக்கொள்ளலாம்’ என்பார்கள். இன்வெர்ட்டர் இல்லாத யூனிட்டில் மூன்றில் இரண்டு அறையை மூடினால் குளிர வைக்கும் காயில் மீது போகும் காற்று குறையும், காயிலில் ஐஸ் கட்டும், டக்ட் வியர்த்து ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். கம்ப்ரசருக்கும் கேடு. அந்த ஒரே மெஷின் பழுதானால் வீடு முழுக்க வியர்வை என்பது தனிக் கணக்கு. பெரிய தனி வீடு, பகல் முழுக்க எல்லா அறையிலும் ஆள் இருக்கிறார்கள் என்றால் வி.ஆர்.எஃப். பற்றி யோசிக்கலாம், அதில் வெளி யூனிட் பொது, உள்ளே அறைக்கு அறை தனி யூனிட், தனி ரிமோட். உங்கள் ஃபிளாட்டுக்கு மூன்று ஸ்ப்ளிட் போதும். டிரெய்ன் பைப்பையும் காப்பர் பைப்பையும் பூச்சு வேலைக்கு முன்பே சுவருக்குள் விடச் சொல்லுங்கள்; வெளி யூனிட் மூன்றுக்கும் காற்றாட இடம் எங்கே என்று பிளானில் காட்டச் சொல்லுங்கள். ஒன்றின் சூடான காற்று இன்னொன்றின் முதுகில் அடிக்கக் கூடாது.

திருவொற்றியூரில் ஏர் கூலர் வேலை செய்யுமா?

செய்யாது. கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. கூலர் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கும். மெத்தைதான் நசநசக்கும்.

தண்டையார்பேட்டை, வாடகை வீடு, 10க்கு 12 அறை, நடு மாடி. சுவரில் ஓட்டை போட ஓனர் விடவில்லை. 38,000 கொடுத்து 1 டன் போர்ட்டபிள் வாங்கினேன். பைப்பை ஜன்னல் வழியாக விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஓடியும் 29க்குக் கீழே இறங்கவில்லை. மெஷின் பழுதா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் வடிவமே அப்படி. வருஷா வருஷம் ஏப்ரலில் இதே கேள்வி வருகிறது, வருஷா வருஷம் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

ஸ்ப்ளிட்டில் சூட்டைக் கழிக்கும் கண்டென்ஸர் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடுகிறது. ஒற்றைக் குழாய் போர்ட்டபிளில் கண்டென்ஸரும் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் குளிர வைக்க நீங்கள் காசு கொடுத்துக் குளிர வைத்த அறைக்காற்றையே எடுத்து, சூடாக்கி, குழாய் வழியாகத் தெருவுக்குத் தள்ளுகிறது. மணிக்கு 300 கன மீட்டர் என்று வையுங்கள். உங்கள் அறை மொத்தமே 34 கன மீட்டர். அதாவது ஒரு மணி நேரத்தில் எட்டு ஒன்பது அறைக் காற்று வெளியே போகிறது. போன இடம் காலியாக இருக்காது. கதவிடுக்கு, ஜன்னல் சந்து, சுவிட்ச் போர்டு ஓட்டை வரை எல்லா வழியாகவும் வெளியிலிருந்து புழுக்கம் உள்ளே வருகிறது. அந்தக் காற்றைக் குளிர வைக்கவும் அதிலுள்ள ஈரத்தை வடிக்கவுமே மெஷினின் சக்தியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கொருக்குப்பேட்டையில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடென்றால் அந்த வாசனையும் இலவசம்.

நம்பிக்கை இல்லையென்றால் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, மூடிய கதவின் அடியில் பிடியுங்கள். மெஷின் நிற்கும்போது புகை நேராக மேலே போகும். மெஷினைப் போட்டதும் படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடும். பிறகு குழாயின் மேல் உள்ளங்கையை வையுங்கள். அது அறைக்குள் கிடக்கும் ஒரு ஹீட்டர்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘1 டன், 12,000 பி.டி.யூ.’ (இரண்டும் குளிர வைக்கும் திறனின் அளவு) இந்த இழப்பைக் கழிக்காத எண். அமெரிக்காவில் கழித்த எண்ணையும் போட வேண்டும் என்று விதி. 14,000 என்று விற்பது அங்கே சுமார் 10,000க்கு இறங்கிவிடுகிறது. அந்த ஊர்க் கணக்கு அது, நம் புழுக்கம் அதைவிட மோசம். நம் கடையில் போர்ட்டபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் நட்சத்திர முத்திரை இருக்காது. ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘சக்கரம் இருக்கு சார், எங்க வேணா தள்ளிக்கலாம்’ என்பார்.

இனி பில். வைத்த குளிரை எட்டவே முடியாததால் கம்ப்ரசர் நிற்காது. 1.2 கிலோவாட், எட்டு மணி, 60 நாள்: 575 யூனிட். வீட்டோடு சேர்த்து 5,500 ரூபாய்க்கு மேல். 1 டன் ஃபைவ் ஸ்டார் ஸ்ப்ளிட் அதே அறையில் 200 யூனிட்டில் வேலையை முடித்திருக்கும். மொத்தம் 500 யூனிட், பில் 1,850. 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் போய்விடும். அந்த ஒரே ஒரு 501ஆவது யூனிட் உங்களுக்கு 250 ரூபாய்.

வாங்கியாகிவிட்டது, என்ன செய்யலாம்? குழாயை இழுத்து நீட்டாமல், வளைக்காமல், ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். அதன் மேல் ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரில் ஷீட்டைச் சுற்றுங்கள். ஜன்னலில் துணியை அடைக்காதீர்கள். பிளைவுட்டைச் சரியாக வெட்டி, குழாய்க்கு வட்டம் போட்டு, விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். தண்ணீர் டேங்க் நம் ஈரத்துக்குச் சில மணி நேரத்தில் நிரம்பி நடுராத்திரியில் மெஷின் நின்றுவிடும்; பின்பக்க டிரெய்ன் மூடியைக் கழற்றி டியூபை வாளிக்கு விடுங்கள். 16 ஆம்ப் பிளக்கில் மட்டும் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இத்தனையும் செய்தால் 29 என்பது 27 ஆகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: ஓனர் சுவரைத்தான் தொடவிட மாட்டார். ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் பிளைவுட் போட்டு, அதில் மூன்று அங்குல ஓட்டை வழியாக ஸ்ப்ளிட்டின் பைப்பைக் கொண்டுபோகலாம். வெளி யூனிட் பால்கனித் தரையில் ஸ்டாண்டில் நிற்கும். உள் யூனிட்டின் தகட்டுக்கு நாலைந்து ஸ்க்ரூ ஓட்டை மட்டும்; காலி செய்யும்போது பட்டி பூசிக் கொடுத்துவிடலாம். இதை ஓனரிடம் விளக்கினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் விண்டோ ஏசி. போர்ட்டபிள் எதற்கு? வீட்டில் நோயாளி, பத்து நாள் சமாளிக்க வேண்டும் என்றால் சரி. அப்போதும் இரட்டைக் குழாய் வகை கிடைத்தால் அதை எடுங்கள். கண்டென்ஸருக்கு வெளிக்காற்றையே எடுத்துக்கொள்ளும்.

போர்ட்டபிளின் பைப்பை பாத்ரூமுக்குள் விடலாமா?

விடலாம், பாத்ரூமில் வெந்நீர் தேவைப்பட்டால். சூடு வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். பாத்ரூமும் வீடுதான்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை டன் போடலாம்?

உங்கள் வீடு எனக்குத் தெரியாது. நீளம், அகலம், உயரம், மொட்டை மாடிக்கு நேர் கீழா, மேற்குச் சுவர் இருக்கிறதா, எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எழுதுங்கள். பொதுவாக 120 சதுர அடி நடு மாடி அறைக்கு 1 டன். அதுவே மொட்டை மாடிக்குக் கீழே என்றால் 1.5.

காசிமேடு, கடலிலிருந்து கூப்பிடு தூரம். 1.5 டன் ஸ்ப்ளிட் வாங்கி நான்கு வருடம். ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று 3,000 வாங்குகிறார்கள். பில்லும் ஏறுகிறது.

கேஸ் பெட்ரோல் இல்லை, ஓடினால் தீர்வதற்கு. மூடிய வட்டத்துக்குள் சுற்றுவது. குறைந்தால் எங்கோ லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கேஸ் குறைந்த மெஷின் குளிர வைக்க முடியாமல் நிற்காமல் ஓடும். பில் ஏறுவது அதனால்தான்.

முதலில் காப்பர் பைப்பை யூனிட்டோடு முறுக்கிச் சேர்க்கும் ஃபிளேர் நட் இணைப்புகளைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் லீக் அங்கே. இல்லையென்றால் உப்புக் காற்று கண்டென்ஸரில் ஊசி ஓட்டை போட்டிருக்கும். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் அரை மணி நேரம் ஓட வேண்டும். கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று வெளி யூனிட்டின் தகட்டிலேயே இருக்கிறது. தராசும் பம்ப்பும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவரைப் படியேற விடாதீர்கள். பல ஏசிகளில் உள்ள ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அது உள்ளே இருக்கும்போது நெருப்பு காட்டிப் பைப்பைப் பற்ற வைக்கக் கூடாது.

கடலோரத்துக்குக் காப்பர் கண்டென்ஸர், அதன் மேல் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். ஸ்டாண்ட் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஏசிக்கு கரண்ட் வரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு வெளி யூனிட்டின் ஃபின்களை நல்ல தண்ணீரில், மெதுவான அழுத்தத்தில் கழுவுங்கள். கடற்கரையில் நிற்கிற பைக்கைக் கழுவுகிறோம், முப்பதாயிரத்துக்கு மேல் விலை கொடுத்த மெஷினைக் கழுவுவதில்லை. (நியாயமாகச் சொல்ல வேண்டும்: போர்ட்டபிளில் இந்தத் தொல்லை குறைவு. இணைப்பெல்லாம் ஃபேக்டரியில் பற்ற வைத்தது, உப்புக் காற்றில் நேராக நிற்பதும் இல்லை.)

த்ரீ ஸ்டாரா, ஃபைவ் ஸ்டாரா? 1.5 டன், புது வண்ணாரப்பேட்டை.

முத்திரையில் உள்ள வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. 2025 வரையிலான முத்திரையில் ஃபைவ் ஸ்டார் சுமார் 750, த்ரீ ஸ்டார் 970. இங்கே வருடத்தில் 300 இரவு போடுகிறவர்கள் உண்டு. 2,400 மணி நேரம். வித்தியாசம் 330 யூனிட். உங்கள் பில் 500 யூனிட்டைத் தாண்டுவதென்றால் வருடம் 3,000 ரூபாய் மிச்சம், கூடுதல் விலை மூன்று நான்கு வருடத்தில் திரும்பும். ஏப்ரல், மே மட்டும் போடுகிறவருக்கு த்ரீ ஸ்டார் போதும். பழைய ஸ்டாக்கா என்று பார்த்து வாங்குங்கள்: 2022 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் அளவுகோலை இறுக்கினார்கள், அதற்கு முந்தைய ஃபைவ் ஸ்டார் இன்றைய ஃபைவ் ஸ்டார் இல்லை. விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம் இல்லை, 18.

16இல் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பிறகு அணைத்துவிட்டால் மிச்சம்தானே?

இல்லை. மெஷின் முழு மூச்சில் ஓடும், நீங்கள் அணைக்க மறந்து தூங்குவீர்கள். 24இல் வைத்து ஃபேனை இரண்டில் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பது நட்சத்திர முத்திரை தரும் எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) கணக்கு. 2020 ஜனவரி முதல் புது மெஷின்கள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வைத்ததும் சும்மா இல்லை.

வியாசர்பாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. போர்ட்டபிள் போதுமா?

மேலே எழுதியதைப் படியுங்கள். அந்தக் கூரைக்கு எந்த ஏசியும் முதலில் திணறும். கூரை மேல் வெள்ளை வெப்பத்தடுப்பு பெயின்ட் இரண்டு கோட், கீழே ஜிப்சம் சீலிங், இடையில் கிளாஸ் வூல். தெர்மோகோல் வேண்டாம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ஷீட்டில் ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இதற்குப் பிறகு ஏசி பற்றி எழுதுங்கள்.

இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா?

மெஷின் தாங்கும் வோல்டேஜ் எவ்வளவு என்று புத்தகத்தில் பாருங்கள். உங்கள் தெருவில் சாயங்காலம் அதற்குக் கீழே இறங்கினால் வேண்டும்.

ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். அப்போதும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. யூனிட் கூடக் கூட விலை ஏறும் ஸ்லாபே உங்களுக்கு இல்லை, முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய். ஸ்ப்ளிட் 2,000, போர்ட்டபிள் 5,750. ஏசி வாங்கும் முன் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சப்-மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மாடிப்படி விளக்கோ மோட்டாரோ உங்கள் கணக்கில் இருக்கிறது.